எப்-5 சண்டை விமானமும் அதன் பாட்ஸும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் பழைய ஜெட் விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வகை ஆட்கள் கேள்வியோடு வருவார்கள். ஒரு பக்கம் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள். எஞ்சின், இறக்கை, மாக் எண் என்று கேட்பார்கள். மறுபக்கம் சுவிஸில் அண்ணனோ மச்சானோ இருக்கிற ஆட்கள், "அங்க சிவப்பும் வெள்ளையுமா ஆறு விமானம் ஒண்டாப் பறக்குது, அது என்ன விமானம்?" என்று வட்ஸ்அப் வீடியோவைக் காட்டுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பதில் ஒரே விமானம்தான்: நோர்த்ரொப் எப்-5. அதன் பின்னணியையும், அதைவிடச் சுவையான அதன் பாட்ஸ், அதாவது உதிரிப்பாகக் கதையையும், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளின் வழியாகவே எழுதியிருக்கிறேன்.

எப்-5 என்பது என்ன விமானம்? யார் செய்தது?

அமெரிக்காவின் நோர்த்ரொப் நிறுவனம் 1950களின் நடுவில் வரையத் தொடங்கிய சிறிய, இரட்டை எஞ்சின் சண்டை விமானம். அந்தக் காலத்தில் சண்டை விமானங்கள் வருடா வருடம் பருத்துக்கொண்டே போயின, விலையும் கூடவே ஏறியது. நோர்த்ரொப்பில் வெல்கோ காசிச் என்ற பொறியியலாளரின் குழு எதிர்ப்பக்கமாக யோசித்தது. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், வைத்திருக்கும் காலம் முழுக்க எரிபொருளுக்கும் திருத்தத்துக்கும் பாட்ஸுக்கும் எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ப விமானத்தை வரைந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய பி-51 மஸ்டாங்கின் வடிவமைப்பாளர் எட்கர் ஷ்மூட்டும் அப்போது நோர்த்ரொப்பில்தான் இருந்தார்.

என்-156எப் என்ற முதல் மாதிரி 1959 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்து பறந்தது. முதல் பறப்பிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஆனாலும் அமெரிக்க விமானப்படைக்கு அதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. அதே வரைபடத்திலிருந்து வந்த டி-38 பயிற்சி விமானத்தைத்தான் அவர்கள் அள்ளி வாங்கினார்கள். மொத்தம் 1,187 டி-38 செய்யப்பட்டன. 1962 இல் கென்னடி அரசாங்கம் நட்பு நாடுகளுக்கு இராணுவ உதவியாகக் கொடுப்பதற்கு மலிவான விமானமொன்றைத் தேடியபோதுதான் இந்த மாதிரிக்கு எப்-5ஏ என்ற பெயரில் வாழ்வு வந்தது. எஞ்சினைப் பெருப்பித்து, இறக்கையைத் திருத்திய எப்-5ஈ டைகர் 2 முதன்முதல் பறந்தது 1972 ஆகஸ்ட் 11 அன்று. உற்பத்தி 1987 இல் நின்றுவிட்டது. இந்தக் கடைசி வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாட்ஸ் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

"லைட்" என்றால் எவ்வளவு லைட்?

எப்-5ஈ இன் வெற்று எடை சுமார் 4,350 கிலோ. எரிபொருளும் ஆயுதமும் நிறைத்தால் உச்சம் 11,200 கிலோவுக்குக் கிட்ட. நீளம் 14.45 மீட்டர், இறக்கையின் நுனிக்கு நுனி 8.13 மீட்டர். அதே காலத்து எப்-4 பாண்டம், எப்-5 இல் மூன்றை அடுக்கி வைத்த எடை.

சுப்பர்சொனிக் என்றால் சரியாக என்ன வேகம்?

சுப்பர்சொனிக் என்றால் ஒலியை விட வேகம். ஒலியின் வேகத்தை மாக் 1 என்பார்கள். அது வெப்பநிலையோடு மாறும். மட்டக்களப்பின் 30 பாகை வெயிலில் ஒலி மணிக்குச் சுமார் 1,255 கிலோமீட்டர் ஓடும். 11 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 பாகைக் குளிரில், அது 1,060 ஆகக் குறைந்துவிடும். எப்-5ஈ இன் உச்ச வேகம் மாக் 1.6 என்பது அந்த உயரத்தில் எடுத்த கணக்கு. மணிக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஆகாய வழியில் 220 கிலோமீட்டர் என்று வைத்தால் எட்டு நிமிடம். ரயிலில் எட்டு மணித்தியாலம் இருந்து இடுப்பு நொந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும்.

ஆனால் ஒன்று. அந்த வேகத்துக்கு ஆப்டர்பர்னர் போட வேண்டும். எஞ்சினின் பின்பக்கக் குழாயில் எரிபொருளை நேரடியாக ஊற்றிக் கொளுத்துவதுதான் ஆப்டர்பர்னர். சின்ன டாங்கி அதில் மளமளவென்று வற்றிப்போகும். எந்தச் சுப்பர்சொனிக் சண்டை விமானமும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒலியை விட மெதுவாகத்தான் பறந்து கழிக்கிறது. குண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும்போது சொல்லவே வேண்டாம், காற்றின் இழுவையில் மாக் 1 க்குக் கீழேதான்.

இவ்வளவு சின்ன விமானத்துக்கு ஏற்ற எஞ்சின் எங்கிருந்து கிடைத்தது?

கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஜே85 என்ற குட்டி ஜெட் எஞ்சினைச் செய்தது. செய்தது விமானத்துக்காக அல்ல. பி-52 குண்டுவீச்சு விமானத்திலிருந்து வீசப்பட்டு, எதிரியின் ராடாரில் இன்னொரு பி-52 போலத் தோன்றி ஏமாற்றும் "குவெய்ல்" என்ற போலி ஏவுகணைக்காக. ஒருமுறை பறந்தால் திரும்பி வராத பொருளுக்குச் செய்த எஞ்சின். தன் எடையைப் போல ஏழு மடங்குக்கு மேல் உந்துவிசை தரும் எஞ்சின் அந்தக் காலத்தில் அபூர்வம். நோர்த்ரொப் ஆட்கள் அதைப் பார்த்தவுடன், ஒன்றுக்கு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறிய விமானமே போதும் என்று முடிவெடுத்தார்கள்.

எப்-5ஈ இல் இருக்கும் ஜே85-21 வகை ஒவ்வொன்றும் ஆப்டர்பர்னரோடு சுமார் 5,000 இறாத்தல் உந்துவிசை தரும். பழைய வகைகளில், உள்ளே வரும் காற்றை அமுக்கும் கொம்பிரசர் எட்டு அடுக்கு. 21 இல் ஒன்பது.

இந்த எஞ்சினின் சொந்தபந்தம் பெரிது. டி-38 இல் இது இருக்கிறது. ஏ-37 தாக்குதல் விமானத்தில் இருக்கிறது. இதன் சிவில் வடிவமான சிஜே610, முதல் லியர்ஜெட் விமானங்களில் பணக்காரர்களைச் சுமந்து திரிந்தது. எப்-5 இன் உற்பத்தி நின்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எஞ்சின் பாட்ஸ் அடியோடு வற்றாததற்கு இந்தக் குடும்பம்தான் காரணம். அமெரிக்க விமானப்படை டி-38 ஐ அறுபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறது. அவர்களுக்காகச் செய்யப்படும் எஞ்சின் பாட்ஸில் எப்-5 காரரும் பங்கு பெறுகிறார்.

இலங்கை விமானப்படையிடம் எப்-5 இருந்ததா?

நோர்த்ரொப் எப்-5 இருக்கவில்லை. குழப்பம் வருவது சீனப் பெயர்களால். 1991 இல் இலங்கை சீனாவிடமிருந்து எப்-7 சண்டை விமானங்களையும் எப்டி-5, எப்டி-7 என்ற இரட்டை ஆசனப் பயிற்சி விமானங்களையும் வாங்கியது. எப்டி-5 என்பது சோவியத்தின் மிக்-17 வழியில் வந்தது. எப்-7 மிக்-21 இன் சீனப் பிரதி. இலக்கம் ஒன்றாக இருப்பதைத் தவிர அமெரிக்க எப்-5 ஓடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்றின் ஆணி மற்றதில் ஏறாது.

போர்க் காலத்தில் நாங்கள் கேட்ட ஜெட் சத்தம் எல்லாம் கிபிர்தானே?

இஸ்ரேலில் செய்த கிபிர் 1996 இல்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்னர் கேட்டது வேறு விமானங்கள். பிறகு 2000 இல் உக்ரைனிலிருந்து மிக்-27 களும் வந்தன. ஊர் வழக்கில் எல்லா ஜெட்டும் "கிபிர்" ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பாட்ஸ் கதை கேட்க வந்தவர்களுக்குக் கிபிரிடமும் ஒரு பாடம் உண்டு. 1967 இல் பிரான்ஸ் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை போட்டது. காசு கட்டிய மிராஜ் 5 விமானங்கள் பிரான்ஸிலேயே நின்றுவிட்டன. கையிலிருந்த மிராஜ்களுக்குப் பாட்ஸும் சிக்கல். இஸ்ரேல் மிராஜின் உடலைத் தானே செய்து, பிரெஞ்சு எஞ்சினுக்குப் பதில் அமெரிக்க ஜே79 எஞ்சினைப் போட்டது. அதுதான் கிபிர். ஒரு நாட்டின் பிடியை விட்டு ஓடி இன்னொரு நாட்டின் பிடிக்குள் போனது போல ஆயிற்று. எஞ்சின் அமெரிக்காவுடையது என்பதால் கிபிரை வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்க அனுமதி வேண்டும். 1977 இல் ஈக்வடோருக்கு விற்கப் போனபோது கார்ட்டர் அரசாங்கம் மறுத்துவிட்டது.

கிபிர் சத்தத்துக்கு ஓடி ஒளிந்த ஊரில் இருந்துகொண்டு சண்டை விமானத்தை ரசித்து எழுதலாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என்னை விட மூத்தவர்கள், கேட்கும் உரிமை உள்ளவர்கள். என் பதில்: எஞ்சினை ரசிக்கிறேன், அதன் வேலையை அல்ல. மேலேயிருந்து விழுந்த ஒன்று எப்படி, யார் காசில், யார் அனுமதியோடு பறந்தது என்று தெரிந்துகொள்வது கீழே இருந்தவர்களுக்கும் வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

சேர், எப்-5 இல் எந்தப் பாகம் முதலில் பழுதாகும்?

எல்லோரும் எஞ்சின் என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் போவது றப்பர்.

ஹைட்ரோலிக் குழாய்களின் வளையங்கள், எரிபொருள் டாங்கியின் அடைப்புகள், டயர், பிரேக் தட்டுகள். இவற்றில் பல, விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் காலம் போனால் கெட்டுவிடும். றப்பர் வளையம் வரும் பொதியில் அது வார்க்கப்பட்ட காலாண்டும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். திகதி முடிந்தால் புதுசாகத் தெரிந்தாலும் போடக்கூடாது.

அதற்கடுத்தது ஆசனம். விமானியைத் தூக்கி வெளியே எறியும் ஆசனத்தில் வெடிமருந்துத் தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஆயுள் திகதி உண்டு. மருந்துக்கடையில் திகதி பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாட்ஸ் தடை வந்த நாடுகளில் விமானம் ஓடுபாதையில் நல்லபடியாக நிற்கும், எஞ்சின் இயங்கும், ஆனால் ஆசனத் தோட்டா காலாவதியாகியிருக்கும். விமானியை அதில் ஏற்றுவதா விடுவதா என்று அதிகாரி முடிவெடுக்க வேண்டிய நிலை.

பிறகு மின்னணுப் பகுதி. 1970களின் ராடார், வானொலிப் பெட்டிகளின் உள்ளே இருக்கும் சில்லறைப் பாகங்களை இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. ஒரு பெட்டியைத் திருத்துவதை விட முழு விமானி அறையையும் மாற்றிவிடுவது மலிவு என்ற கட்டம் வந்துவிடும். பிரேசிலும் தாய்லாந்தும் சிங்கப்பூரும் அப்படித்தான் செய்தன. பழைய உடலுக்குள் புதிய கணினியும் திரையும் வைத்து இன்னும் பல வருடம் இழுத்தார்கள். சிங்கப்பூர் தன்னுடையவற்றை 2015 இல் ஓய்வு கொடுத்தது.

எஞ்சின் இந்த வரிசையில் பிந்தித்தான் வருகிறது. எரிந்த சூட்டு வாயுவில் சுழலும் டர்பைனின் தட்டுகளும் அலகுகளும் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் ஆயுளில் கொஞ்சம் குறையும். எத்தனை தடவை என்று எண்ணி எழுதிக்கொண்டே வர வேண்டும். ஓடுபாதையில் கிடக்கும் ஒரு சின்னக் கல், ஒரு ஆணி உள்ளே போனாலும் கொம்பிரசர் அலகு சிதைந்துவிடும். எஞ்சினைக் கழற்றுவது மட்டும் இந்த விமானத்தில் சுகம். பின்னுடலின் வால்பக்கத் துண்டை அப்படியே கழற்றிவிட்டு எஞ்சினைப் பின்னால் இழுத்து எடுக்கலாம்.

கடைசியில், எந்தக் கடையிலும் வாங்க முடியாதது: உடம்பு. விமானி அறையின் மேல் விளிம்பிலும் முதுகிலும் நீளமாக ஓடும் அலுமினியச் சட்டங்களில் வெடிப்பு வருவது எப்-5 இன் பேர்போன வருத்தம். 7075 என்ற வலுவான அலுமினியக் கலவை டி6 என்ற வகையில் சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டிருக்கும்போது, இழுவிசையும் ஈர உப்பும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே வெடிக்கத் தொடங்கும். டி73 பதத்தில் வலு கொஞ்சம் குறைவு, ஆனால் இந்த வருத்தத்தை நன்றாகத் தாங்கும். சட்டத்தை மாற்றுவதென்றால் விமானத்தைப் பாதி பிரித்துப் போட வேண்டும்.

ஒரு விமானத்திலிருந்து கழற்றி மற்றதுக்குப் போட முடியாதா?

முடியும். எல்லா விமானப்படைகளும் செய்கின்றன. நம்முடைய கராஜ்களில் ஓடாத மோட்டர் சைக்கிள் ஒன்று மூலையில் நிற்கும். வாற சைக்கிளுக்கெல்லாம் அதிலிருந்து கழற்றிப் போடுவார்கள். மறுகா பார்த்தால் மூலையில் சட்டம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதே கதைதான். இருபது விமானம் வைத்திருக்கும் நாடு பன்னிரண்டை ஓட்ட எட்டைத் தின்னும். அடுத்த வருடம் எட்டை ஓட்ட நாலைத் தின்னும். ஒவ்வொரு தடவை கழற்றிப் பூட்டும்போதும் ஆணித் துளை தேயும், வயர் முறியும். விமானங்கள் இத்தனை என்று ஒரு நாடு சொன்னால் அதில் இன்று காலை பறக்கக்கூடியது எத்தனை என்று கேட்டுப் பழகுங்கள்.

பாட்ஸில் இருக்கும் நீளமான இலக்கம் என்ன?

நேட்டோ நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் 13 இலக்கப் பொருள் எண். முதல் நாலு இலக்கம் பொருளின் வகை: 1560 என்றால் விமான உடல் பாகம், 1620 இறங்குசக்கரத் தொகுதி, 2840 ஜெட் எஞ்சின் பாகம். அடுத்த இரண்டு, எண்ணைப் பதிவு செய்த நாடு. 00 அல்லது 01 அமெரிக்கா, 99 பிரித்தானியா. மிச்ச ஏழும் அந்தப் பொருளுக்கே உரிய இலக்கம். இந்த எண் தெரிந்தால் உலகின் எந்தக் களஞ்சியத்திலும் சரியான பாகத்தைக் கேட்டு வாங்கலாம். தெரியாமல் "அந்த வளைஞ்ச குழாய்" என்று கேட்க முடியாது.

பாகம் கையில் இருந்தால் போதாதா, காகிதம் எதற்கு?

ஆயுள் வரையறுத்த ஒரு டர்பைன் தட்டை எடுங்கள். அது எங்கே செய்யப்பட்டது, எந்த எஞ்சினில் எத்தனை மணித்தியாலம் ஓடியது, யார் கழற்றினார் என்று பிறந்த நாளிலிருந்து பதிவு இருக்க வேண்டும். பதிவு தொலைந்தால், பளபளப்பாக இருந்தாலும் அது பழைய இரும்பு. ஒழுங்கான மெக்கானிக் அதைத் தொட மாட்டார். களவு மார்க்கட்டில் பாட்ஸ் வாங்கிய நாடுகளின் உண்மையான தலையிடி விலை அல்ல, இந்தக் காகிதம்தான். போலிப் பாகமும், தேய்ந்ததைப் பூச்சடித்துப் புதுசாக்கியதும் அந்த வழியில்தான் வந்து சேரும்.

ஒன்லைனில் எப்-5 பாட்ஸ் விற்கிறார்களே, ஞாபகத்துக்கு ஒன்று வாங்கலாமா?

கடிகார முகப்பு, பழைய தகடு போன்ற அலங்காரப் பொருட்கள் விற்பனைக்கு வருவது உண்மை. ஆனால் எப்-5 க்கென்று செய்யப்பட்ட பாகங்கள் அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கிருந்து வெளியே அனுப்ப உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் ஈரானுக்கு இவற்றை அனுப்பியவர்கள் அமெரிக்காவில் சிறைக்குப் போயிருக்கிறார்கள். இங்கே சுங்கத்தில் "ஜெட் பாகம்" என்று பொதி வந்து நின்றால் வரும் விசாரணையையும் யோசியுங்கள். மொடல் கிட் வாங்குவது நிம்மதி.

பாட்ஸ் நின்றுபோன நாடுகள் என்ன செய்தன?

மூன்று நாடுகளைச் சொல்லலாம்.

தெற்கு வியட்நாம் விழுந்த 1975 ஏப்ரலில் பல எப்-5 கள் வெற்றி பெற்றவர்களின் கைக்கு வந்தன. வடக்கு வியட்நாம் ஆட்கள் அவற்றைச் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. பியன் ஹோவா தளத்தில் இருந்த 935 ஆவது படைப்பிரிவு கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் படைகளுக்கு எதிராக அவற்றைப் பறக்கவிட்டது. சிலவற்றைச் சோவியத் யூனியனுக்கும் போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் ஆராய அனுப்பினார்கள். சோவியத் விமானிகள் எப்-5ஈ ஐத் தங்கள் மிக்-21 ஓடு மோதவிட்டுப் பார்த்தபோது, கிட்ட நின்று வளைந்து திரும்பும் சண்டையில் எப்-5 தான் வென்றது. அவர்களுக்கே அது ஆச்சரியம். ஆனால் அமெரிக்கா பாட்ஸ் தரப்போவதில்லை. களஞ்சியத்தில் கிடந்தது தீர்ந்ததும் 1980களில் வியட்நாமின் எப்-5 கள் தரையில் நின்றுவிட்டன. சண்டையில் தோற்று நிற்கவில்லை, களஞ்சியம் காலியாகி நின்றன.

எத்தியோப்பியா இன்னும் விநோதம். 1977 இல் சோமாலியாவோடு ஒகாடென் போர் மூண்டது. எத்தியோப்பிய எப்-5 கள் சோமாலியாவின் சோவியத் மிக்-21 களை வானத்தில் அடித்து விரட்டின. அதே வருடம் எத்தியோப்பிய அரசு அமெரிக்காவை விட்டுச் சோவியத் பக்கம் சாய்ந்தது. வென்று கொடுத்த விமானத்துக்கே பாட்ஸ் வழி அடைபட்டது. அதன் இடத்துக்குச் சோவியத்திடமிருந்து, தோற்ற பக்கம் ஓட்டிய அதே மிக் வகை விமானங்கள் வந்தன.

ஈரானின் கதை நீளம். மன்னர் ஷா காலத்தில் 150 க்கும் மேற்பட்ட எப்-5ஈ, இரட்டை ஆசன எப்-5எப் வாங்கினார்கள். 1979 புரட்சியோடு கடை மூடப்பட்டது. அடுத்த வருடமே ஈராக்கோடு போர். அப்படியிருந்தும் அவர்களது எப்-5 கள் இன்று வரை ஓய்ந்துபோகவில்லை. கழற்றிப் பூட்டினார்கள், மூன்றாம் நாடுகள் வழியாக வாங்கினார்கள், பிறகு ஒவ்வொரு பாகமாகத் தாங்களே வார்க்கவும் கடையவும் பழகினார்கள். ஜே85 ஐப் பார்த்து "ஓவ்ஜ்" என்ற எஞ்சினைச் செய்து 2016 இல் காட்டினார்கள். இரட்டை வால் வைத்த "சயேகே", 2018 இல் வந்த "கௌசர்" எல்லாம் இந்தப் பட்டறையின் பிள்ளைகள். கௌசரைப் புத்தம்புது விமானம் என்று அறிவித்தார்கள். படத்தைப் பார்த்தால் அச்சு அசல் எப்-5எப். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நாற்பது வருடத் தடையில் ஜெட் எஞ்சினின் டர்பைன் அலகை வார்க்கப் பழகிய தொழிலாளியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சுவிஸில் பறக்கும் அந்தச் சிவப்பு வெள்ளை விமானம்?

பட்ருய் சுவிஸ் என்ற சாகசக் குழுவின் எப்-5ஈ. 1990களின் நடுவிலிருந்து அவர்கள் இதைத்தான் ஓட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்து மொத்தம் 110 வாங்கி, பெரும்பாலானவற்றை எம்மென் (Emmen) நகரில் தாங்களே பொருத்தினார்கள். குறைவாகப் பறக்கவிட்டு, மலைக் காற்றில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். விளைவு என்ன தெரியுமா? விற்ற நாடே திரும்பி வந்து வாங்கியது. 2000களில் அமெரிக்கக் கடற்படை சுவிஸிடமிருந்து 44 விமானங்களை எடுத்து எப்-5என் என்று பெயர் வைத்தது. பிறகு இன்னும் 22 க்கு ஏற்பாடு செய்தது. பயிற்சிச் சண்டையில் எதிரி விமானமாக நடிப்பது அவற்றின் வேலை. சின்ன உருவம், கண்ணுக்கு லேசில் அகப்படாது, மிக்-21 போலவே நடந்துகொள்ளும்.

கனடாச் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு: அங்கே கனடேர் நிறுவனம் உரிமம் பெற்று சிஎப்-5 என்று செய்தது. 1995 வரை வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் பொட்ஸ்வானா அதில் 13 ஐ வாங்கியது. நோர்வேயும் எப்-5 வைத்திருந்த நாடுதான்.

நம்முடைய மட்டக்களப்பு விமான நிலையத்தில் எப்-5 இறங்க முடியுமா?

கற்பனைக் கேள்வி, ஆனால் பிள்ளைகள் விட மாட்டார்கள். வலையிறவுப் பக்கம் இருக்கும் நமது ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். சுமை குறைந்த எப்-5ஈ கிளம்ப 600 மீட்டர் அளவு போதும். இறங்கும்போது வாலிலிருந்து பரசூட் விரித்து ஓட்டத்தைக் குறைக்கும். ஆகவே வெறும் கணக்கில் இறங்கலாம், திரும்பக் கிளம்பலாம். முழுச் சுமையோடு கிளம்ப முடியாது. வெயிலில் காற்று மெலிந்து எஞ்சின் வலுவும் இறக்கையின் தூக்கும் வலுவும் குறையும்.

இறங்கிய பிறகுதான் பிரச்சினை. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். நாவலடியிலும் கல்லடியிலும் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று. சுவிஸ் மலையில் நாற்பது வருடம் இருக்கும் அலுமினியத்தை இந்தக் காற்றில் வைத்தால், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி, பூச்சை விடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலோரத் தளங்களில் விமானப்படைகள் அதைத்தான் செய்கின்றன.

மட்டக்களப்புக்கும் சண்டை விமானத்துக்கும் பழைய தொடர்பு ஏதாவது?

உண்டு, கடலுக்கடியில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் கப்பலை மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. மூழ்கிய அன்று அதன் தட்டில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. இப்போது சுழியோடிகள் ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

எப்-5 க்கு அடுத்தது ஏன் வரவில்லை?

வந்தது. எப்-20 டைகர்ஷார்க். இரண்டு குட்டி எஞ்சினுக்குப் பதில் எப்404 என்ற ஒரு பெரிய எஞ்சின்; வேகம் மாக் 2. 1982 ஆகஸ்ட் 30 அன்று பறந்தது. மூன்றே மூன்று செய்தார்கள், ஒன்றுகூட விற்கவில்லை. ஆரம்பத்தில் அமெரிக்கா பல நாடுகளுக்கு எப்-16 சண்டை விமானத்தைக் கொடுக்க மறுத்ததால் எப்-20 க்கு இடம் இருந்தது; பிறகு எப்-16 ஐயே தாராளமாக விற்கத் தொடங்கியது. அமெரிக்க விமானப்படை தானே ஓட்டாத விமானத்துக்கு முப்பது வருடம் பாட்ஸ் வருமா என்று வாங்க வந்தவர்கள் யோசித்தார்கள். நியாயமான யோசனைதான். 1986 இல் நோர்த்ரொப் கைவிட்டது.

வயலில் உழும்போது ஒரு உலோகத் துண்டு கிடைத்தது. விமானப் பாகமா என்று பார்த்துச் சொல்வீர்களா?

தயவுசெய்து என்னிடம் கொண்டு வராதீர்கள். தூக்கவும் வேண்டாம், மண்ணைத் தட்டவும் வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவே வேண்டாம். வாகரையிலும் குடும்பிமலைப் பக்கமும் வயலில் கிடைக்கும் உலோகம் விமானத்தின் பாகமாக இருப்பதை விட, வெடிக்காத ஏதோ ஒன்றாக இருக்கச் சாத்தியம் அதிகம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் 119 க்கோ பக்கத்துப் பொலிசுக்கோ சொல்லுங்கள். போனில் படம் எடுக்கக் கிட்டப் போவதும் வேண்டாம்.

விமானம் திருத்தும் வேலை படிக்க வழி உண்டா?

உண்டு. சிவில் பக்கத்தில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் என்று ஒரு தொழில். பி1 என்பது எஞ்சினும் உடலும். பி2 என்பது மின்னணு. கணிதமும் ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கைநூல் முழுக்க ஆங்கிலம். பொறுமையாகக் கையெழுத்திட்டுப் பதிவு எழுதும் குணமும் வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான்.

மொடல் செய்ய எது நல்லது?

முதல் தடவை என்றால் 1/72 அளவில் இட்டலேரியின் எப்-5ஈ. முடித்தால் 20 சென்டிமீட்டர் நீளம் வரும், அலுமாரியில் இடம் பிடிக்காது. கை பழகியவர்களுக்கு 1/48 அளவில் தாய்வானின் ஏஎப்வி கிளப் செய்யும் கிட். தாய்வான் இந்த விமானத்தை உரிமத்தோடு 308 செய்த நாடு என்பதால் அவர்களுக்கு வளைவு சுளிவெல்லாம் அத்துப்படி. மூக்குக்குள் பாரம் வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் வாலில் குந்தும். மீன் வலைக்குக் கட்டும் சின்ன ஈயக் குண்டு இரண்டு மூன்று போதும். கல்லடியிலோ நாவலடியிலோ மீனவர்களிடம் கேட்டால் சும்மா தருவார்கள். பெயின்ட் மழைக்காலத்தில் அடிக்க வேண்டாம். மார்கழி ஈரத்தில் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும், மாசி வரை பொறுங்கள்.